அத்தியாயம் 6: தம்பியின் உறுப்புகள் அண்ணனுக்கு

மலைப்பாதையில் வேகமாக இறங்கும்போது ஏழெட்டு வளைவுகளுக்குப் பிறகு பிரேக் பெடல் காலுக்கடியில் மெத்தென்று அமுங்கும். பழைய மாஸ்டா மியாட்டா வைத்திருப்பவர் அதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் போதும், வீட்டுக்கு வந்ததும் பெரிய பிரேக் எங்கே கிடைக்கும் என்று தேட உட்கார்ந்துவிடுவார். அவர் கண்ணில் முதலில் படுவது சிவப்பு வண்ணம் பூசிய நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், கண்ணைப் பறிக்கும் துளையிட்ட டிஸ்க்குகள். அவற்றின் விலையில் இந்த வண்டியின் எஞ்சினையே பிரித்துப் புதுப்பித்துவிடலாம். அதற்கு முன்னால் இந்த வண்டியின் சொந்தத் தம்பியைப் பாருங்கள் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். இங்கே தம்பியின் சட்டை அண்ணனுக்கு வருகிறது. முதல் தலைமுறை மியாட்டா 1989இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. ஹிரோஷிமாவில் தயாரான அதற்கு ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். தொடக்கத்தில் 1.6 லிட்டர் எஞ்சின்; 1994 மாடலிலிருந்து 1.8 லிட்டரும் வந்தது. இரண்டாம் தலைமுறை 1998 முதல் 2005 வரை ஓடியது. முதல் வண்டியின் சேசிஸ் வேலையில் இருந்த தகாவோ கிஜிமாதான் இரண்டாவதற்குத் தலைமைப் பொறியாளர். வெளித் தகடு மாறியது, மேலெழும்பும் முகவிளக்கு போனது. ஆனால் நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் என்ற அடிப்படை அப்படியே இருந்தது, அவை பொருந்தும் புள்ளிகளும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. வீலும் அதே நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். அதனால்தான் தம்பியின் பிரேக்கும் ஷாக்கும் அண்ணனுக்கு வெட்டாமல், வெல்டு வைக்காமல் ஏறுகின்றன. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை வேறு தளத்தில் பிறந்தது. அதன் வீலில் ஐந்து போல்ட். அதிலிருந்து எடுத்துப் பொருத்த நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

பெடல் ஏன் மெத்தென்றானது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சூட்டில் பிரேக் தளர்வது இரண்டு விதம், இரண்டும் காலுக்கு வேறு வேறு விதமாகத் தெரியும். பெடல் பஞ்சு போல ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. பெடல் கல்லைப் போலக் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், பேடு தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. முதல் நோய்க்குப் பெரிய டிஸ்க் மருந்தல்ல. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதே ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்த பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. மூன்று நான்கு வருடம் மாற்றாத ஆயிலோடு மலையேறுபவர் ஒரு பாட்டில் புது டாட் 4 ஆயிலும் ஒரு மாலைப்பொழுதும் செலவழித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டாட் 5 என்று எழுதிய சிலிக்கோன் ஆயிலை மட்டும் இவற்றோடு கலக்கவே கூடாது. 5.1 கலக்கலாம், பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு சரக்கு.

அடுத்தது டயர். அவசரமாக நிற்கும் தூரத்தைக் கடைசியில் முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடி. உங்கள் இப்போதைய பிரேக்கே நான்கு சக்கரத்தையும் பூட்டும் அளவுக்கு அழுத்தம் தருகிறது என்றால், எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் முதல் நிறுத்தத்தின் தூரம் ஒரு அடிகூடக் குறையாது. பத்து வருடப் பழைய டயரோடு பெரிய பிரேக் தேடுபவரிடம் நான் முதலில் டயரை மாற்றச் சொல்வேன்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? சூட்டுக்கு. கணக்குப் போட்டால் விளங்கும். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறக்குறைய 386 கிலோ ஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். அதில் எழுபது விழுக்காடு முன்பிரேக்கின் பங்கு, ஒரு முன் டிஸ்க்கின் எடை 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிறுத்தத்தில் அந்த டிஸ்க்கின் சூடு 70 டிகிரிக்கு மேல் ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டால் அது மேலும் மேலும் கூடிக்கொண்டே போகும். இரும்பு கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறும் டிகிரி குறையும். பரப்பு கூடுதலாக இருந்தால் ஆறுவது விரைவாகும். மலைப்பாதைக்கும் பந்தயத் தடத்துக்கும் பெரிய டிஸ்க் உதவுவது இதனால்தான். கடைக்குப் போய்வரும் வண்டிக்கு அது தேவையே இல்லை.

பத்து மில்லிமீட்டர்

1.6 லிட்டர் வண்டியின் முன் டிஸ்க் 235 மி.மீ. விட்டம், பின் டிஸ்க் 231. மாஸ்டா 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியபோது இவற்றை 255, 251 என்று ஆக்கியது. இந்த நான்கு எண்களைச் சற்று நேரம் பாருங்கள். முன்னாலும் 20 மி.மீ., பின்னாலும் 20 மி.மீ.; அதாவது ஆரம் இரண்டு பக்கமும் 10 மி.மீ. வளர்ந்திருக்கிறது. பேடு டிஸ்க்கைப் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்குத் திருப்புவிசை கூடும். ஆகவே பிரேக்கின் பலம் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில், ஏறத்தாழ ஒன்பது பத்து விழுக்காடு கூடியது. சமநிலை கெடவில்லை.

இந்தச் சமநிலைதான் பிரேக்கின் உயிர். வண்டி நிற்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் அதற்குப் பிரேக் குறைவாகவே போக வேண்டும். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பின்பக்கம் போகும் அழுத்தத்தைக் குறைத்து அனுப்ப எஞ்சின் அறையில் ஒரு வால்வு இருக்கிறது. அந்த வால்வு எந்த டிஸ்க்குக்காக அமைக்கப்பட்டதோ அந்த விகிதத்தை மாற்றினால் இரண்டில் ஒன்று நடக்கும். முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின்பிரேக் சும்மா கிடக்கும், நிற்கும் தூரம் முன்பைவிட நீளும். செலவு செய்து வண்டியை மோசமாக்கும் வழி அதுதான். பின்னால் மட்டும் கூடினால் இன்னும் ஆபத்து: ஈரச்சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டி, வண்டி சுழன்று திரும்பிவிடும்.

ஆகவே 1.6 வண்டிக்கு என் தேர்வு 1.8 லிட்டர் வண்டியின் முழுத் தொகுதிதான். நான்கு மூலைக்கும் காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட், டிஸ்க், பேடு. உடைத்து விற்கும் ஒரே வண்டியிலிருந்து நான்கையும் சேர்த்து வாங்குங்கள். பழைய 14 அங்குல வீலுக்குள்ளேயே இது அடங்கிவிடும், ஏனென்றால் 1.8 வண்டியும் அதே அளவு வீலோடுதான் வந்தது. ஆனால் விற்பவர் சொல்லும் வருடத்தை மட்டும் நம்பாமல் டேப் வைத்து டிஸ்க்கை அளந்துவிடுங்கள்.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. 2001 மாடலிலிருந்து வந்த இரண்டாம் தலைமுறையின் ஸ்போர்ட் வகைகளிலும், 2004, 2005இன் மாஸ்டாஸ்பீட் வண்டியிலும் முன் டிஸ்க் 270 மி.மீ., பின் டிஸ்க் 276. பலருக்கும் ஆசை இதன் மேல்தான். 1.6 வண்டியோடு ஒப்பிட்டால் முன் ஆரம் 17.5 மி.மீ. கூடுகிறது, பின் ஆரமோ 22.5 கூடுகிறது. பின்பக்கப் பங்கு ஏறிவிட்டது. அந்த வண்டிக்கு மாஸ்டா அதற்கேற்றபடி பிரேக் அழுத்தத்தைப் பங்கிட்டிருக்கிறது. உங்கள் பழைய வால்வுக்கு இந்தப் புதுக்கணக்கு தெரியாது. இந்தத் தொகுதியைப் பொருத்துபவர் அதற்குரிய வால்வையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது கையால் திருப்பிச் சரிசெய்யும் வால்வு போட்டு, ஆளில்லாத இடத்தில் பொறுமையாகச் சோதித்து அமைக்க வேண்டும். வீலும் குறைந்தது 15 அங்குலம் தேவை. எல்லா 15 அங்குல வீலும் போதாது. ஆரக்காலின் வளைவு காலிப்பரில் உரசாமல் இருக்கிறதா என்று கழற்றிய காலிப்பரை வைத்துப் பார்த்த பிறகே வீலுக்குப் பணம் கொடுங்கள். சாலையில் மட்டும் ஓட்டும் வண்டிக்கு இவ்வளவும் வேண்டாம் என்பதே என் கருத்து. 1.8 தொகுதியும் நல்ல பேடும் புது ஆயிலும் தாராளமாகப் போதும்.

பிரேக் மாற்றும் நாள்

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கடியில் கையை நீட்டக் கூடாது. சமதளமான சிமென்ட் தரை, சக்கரத்துக்குக் கட்டை.

பழைய ஹோஸைக் கழற்றும் இடத்தில் ஆயில் சொட்டும். பெயின்டில் பட்டால் உரித்துவிடும். பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்து உடனே கழுவுங்கள். ஹோஸ் காலிப்பரில் சேரும் இடத்தில் இரண்டு செம்பு வாஷர்கள் உண்டு. அவை நசுங்கி அடைப்பவை, ஒருமுறைக்கே உரியவை. நான்கு மூலைக்கு எட்டுப் புது வாஷர் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஹோஸில் வெடிப்பு தெரிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தூசித்தகடு சின்ன டிஸ்க்குக்காகச் செய்தது. பெரிய டிஸ்க்கில் அதன் விளிம்பு உரசும். பின்னுக்கு வளைத்துவிட்டால் அல்லது விளிம்பை வெட்டிவிட்டால் போதும். ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பித்தூரிகையால் பளபளவென்று எடுங்கள். அங்கே ஒரு துகள் இருந்தாலும் டிஸ்க் தள்ளாடிச் சுழலும், பெடல் நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் பெயர் வைப்பார்கள். பலநேரம் குற்றவாளி இந்தத் துருதான்.

காலிப்பரில் காற்று வெளியேற்றும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடதுபக்கத்தை வலதுபக்கம் மாட்டினாலும் போல்ட் ஏறிவிடும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே நிற்பது. எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் அது வெளியே வராது. நாள் முழுக்கப் பெடலை மிதித்தும் கெட்டியாகாத வண்டிகளில் நான் முதலில் பார்க்கும் இடம் இது.

இந்த வேலையில் பலர் தடுக்கி விழுவது பின்காலிப்பரில். ஹேண்ட் பிரேக்கின் பொறிமுறை அதற்குள்ளேயே இருப்பதால் அதன் பிஸ்டனை முன்பக்கத்தைப் போல அழுத்தி உள்ளே தள்ள முடியாது, தள்ளினால் உள்ளுறுப்பு கெடும். காலிப்பரின் பின்புறம் மூடிபோல் ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. அலன் கீ ஏறும் குழி தெரியும். இடப்பக்கமாகத் திருப்பினால் பிஸ்டன் பின்வாங்கும். புது பேடு வைத்து மாட்டிய பிறகு வலப்பக்கமாகத் திருப்பி, பேடு டிஸ்க்கை இறுகப் பிடித்ததும் மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள். டிஸ்க் கையால் லேசாக உரசிச் சுழல வேண்டும். இரண்டு பக்கமும் இதைச் செய்த பிறகே லீவரடியிலுள்ள கேபிளைத் தொடுங்கள். காலிப்பரைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் முறுக்கி ஹேண்ட் பிரேக்கை நிற்க வைத்த வண்டியை ஒருமுறை சரிபார்த்தேன். பின் டிஸ்க் இரண்டும் ஓயாமல் உரசி நீலம் பாய்ந்திருந்தன. பெடலும் ஆழமாக இறங்கியது. அரை மணி நேர வேலை அது. செய்திருந்தால் இரண்டு டிஸ்க் தப்பியிருக்கும்.

காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி அருகே வாருங்கள். டப்பாவில் ஆயில் வற்றிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வீல் நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். மற்ற போல்ட்டுகளுக்குப் பட்டறைக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பிரேக்கில் கைக்கணக்கு வேண்டாம்.

புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். காலியான சாலையில் 70 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை அழுத்தமாகக் குறைத்து, இடையில் முழுவதுமாக நிறுத்தாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால் பேடின் படிவு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஷாக்கும் மேல் மவுண்டும்

முதல் தலைமுறை மியாட்டாவைத் தாழ்த்தியவர்கள் சொல்லும் குறை எல்லாம் ஒன்றுதான்: சின்னப் பள்ளத்திலும் டங்கென்று அடிக்கிறது. ஸ்பிரிங் கெட்டியானதால் அப்படி என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஷாக்கின் தண்டு மேலேற இடமில்லாமல் ரப்பர் தடுப்பில் போய் முட்டுகிறது. இந்த வண்டியில் அந்த இடம் தொடக்கத்திலேயே குறைவு. தாழ்த்தினால் இருந்ததும் போய்விடுகிறது.

இரண்டாம் தலைமுறையில் ஷாக்கின் மேல் மவுண்டை மாற்றி வடிவமைத்தார்கள். தண்டு மேலேற அதில் கூடுதல் இடம் கிடைக்கிறது. அந்த மவுண்ட் முதல் தலைமுறை வண்டியின் அதே துளைகளில் ஏறுகிறது. இந்த அத்தியாயத்தில் கொடுக்கும் காசுக்கு அதிகப் பலன் தரும் ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால், பிரேக்கை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

ஷாக், ஸ்பிரிங், மவுண்ட், ரப்பர் தடுப்பு நான்கும் சேர்ந்த அசெம்பிளியாக வாங்குவது நல்லது. தம்பி வண்டிக்காரர்களில் பலர் உயரம் மாற்றும் ஷாக்குக்குப் போகும்போது கம்பெனி அசெம்பிளியைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். முழுதாகக் கிடைத்தால் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி வேண்டியதில்லை. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும், அந்த வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே புத்தி. சில வகைகளில் பில்ஸ்டைன் ஷாக் வந்தது, கிடைத்தால் விடாதீர்கள். தண்டில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வாயு நிரப்பிய ஷாக்கின் தண்டைக் கையால் அமுக்கி விட்டால் தானாக மெல்ல வெளியே வர வேண்டும். அமுங்கியபடியே நின்றால் வாயு போய்விட்டது, வாங்காதீர்கள்.

கழற்றுவதற்கு முன் ஹப்பின் மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். மாற்றிய பிறகு உயரம் எவ்வளவு மாறியது, இடமும் வலமும் ஒன்றா என்று இதை வைத்தே சொல்ல முடியும். மிகத் தாழ்ந்துவிட்டால் சட்டமும் குறுக்கே வரும். ஜப்பானின் ஷாகென் பரிசோதனையில் தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடையே குறைந்தது 9 செ.மீ. இருக்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் பாரைப் பற்றிச் சுருக்கமாக. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. 19 மி.மீ. கம்பிக்குப் பதில் அதே நீளத்தில் 22 மி.மீ. கம்பி போட்டால் மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விறைப்போ ஏறக்குறைய 80 விழுக்காடு கூடிவிடும். ஷாக்கை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு இதற்கு வாருங்கள்.

ரப்பர் புஷ்

முப்பது வருடம் பழகிய ஆர்ம்களின் புஷ் ரப்பர் வெடித்திருக்கும். புது ஷாக் போட்டும் வண்டி தொளதொளவென்று இருந்தால் காரணம் அதுதான். புது ரப்பர் புஷ்ஷே போதும். கெட்டியான பிளாஸ்டிக் வகை சாலை வண்டிக்கு அவ்வளவு உகந்ததல்ல, கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும்.

இங்கே ஒரு விதி உண்டு, அதை மீறியதால் நானே ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பத் தளர்த்த நேர்ந்தது. ரப்பர் புஷ் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கிறது. ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவே, அது சுழல்வதில்லை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே ஆயுள் முழுதும் நிற்கும். வண்டி உயரமாக நிற்கும், ரப்பர் சீக்கிரம் கிழியும். எல்லாப் போல்ட்டையும் விரலால் பூட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசியாக முறுக்குங்கள்.

கீழ் ஆர்மின் உள்முனையில் இருக்கும் போல்ட்டுகளின் தலையில் மையம் விலகிய வட்டத்தகடு உண்டு. முன்னால் கேம்பரையும் காஸ்டரையும், பின்னால் கேம்பரையும் டோவையும் அதைத் திருப்பித்தான் அமைக்கிறோம். உப்புச்சாலை நாடுகளில் ஓடிய வண்டிகளில் இந்தப் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். அலைன்மென்ட்டுக்குப் போகும் நாளில் இது தெரியவந்தால் பட்டறைக்காரர் கையை விரித்துவிடுவார். இரண்டு வாரம் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் புதுப் போல்ட் வரவழைத்துவிட்டு அறுத்தெடுக்கத் தயாராகுங்கள்.

அலைன்மென்ட்டின்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடை இருக்கட்டும். இவ்வளவு லேசான வண்டியில் ஒருவர் ஏறியதும் எண்கள் மாறும். சாலைக்கு முன்னால் ஒரு டிகிரி உட்சாய்வு, பின்னால் அதைவிட அரை டிகிரி கூட. பின்சக்கரம் கொஞ்சம் உள்நோக்கி, முன்சக்கரம் ஏறத்தாழ நேராக. முதல் 80 கி.மீ. ஓடியதும் வீல் நட்டு, காலிப்பர் போல்ட், ஷாக்கின் மேல் நட்டு மூன்றையும் மீண்டும் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஹோஸ் சேருமிடங்களை வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கழற்றிய பழைய உறுப்புகளை எடைக்குப் போடாதீர்கள். 2017இல் மாஸ்டாவே முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் பழையபடி புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்தது. அதற்காக பிரிட்ஜ்ஸ்டோன் அன்றைய 185/60 ஆர் 14 டயரை மறுபடி செய்து கொடுத்தது. கலையாத வண்டிக்கு இப்போது தனி மதிப்பு. 235 மி.மீ. டிஸ்க்கின் பிராக்கெட், பழைய மேல் மவுண்ட், ஒவ்வொரு போல்ட் என எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவி, முன், பின், இடம், வலம் என்று சீட்டு ஒட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் சேர்ந்து போகட்டும்.